கட்டமஞ்சி முதல் மதனப்பள்ளி வரை: நம் மண்ணில் வீசிய ரொமான்டிக் காற்று

சித்தூர் பஜாரில் பாத்திரக் கடை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. பித்தளைக் குடம் எவர்சில்வராக மாறியதையும், எவர்சில்வர் பிளாஸ்டிக்காக மாறியதையும் கண்ணால் பார்த்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றுபோனாலும் புத்தகப் பைத்தியம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பைத்தியத்தின் பேரில்தான் இந்த மலருக்கு எழுதத் துணிந்தேன். கற்றறிந்தோர் பிழை பொறுப்பார்களாக.

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் கல்லாப்பெட்டி ஓரம் உட்கார்ந்து வேர்ட்ஸ்வொர்த்தின் மஞ்சள் பூக்கள் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து, "தாத்தா, இவரு ரொமான்டிக் பொயட்டாம். அப்படின்னா சினிமா டூயட் எழுதறவரா?" என்று கேட்டான். கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவன் காலையில் பள்ளியில் தெலுங்குத் தாய்ப் பாட்டைப் பாடுகிறான். பிறகு ஜன கண மன பாடுகிறான். மாலையில் ஆங்கிலக் கவிதை படிக்கிறான். இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே காற்று வீசுகிறது என்பதும், அந்தக் காற்று நம் மாவட்டத்துக்குள்ளேயே சுழன்று போயிருக்கிறது என்பதும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெயரில் இருக்கும் சேதி

ரொமான்ஸ் என்ற சொல்லுக்கு ஆதியில் காதல் என்று பொருளில்லை. இடைக்கால ஐரோப்பாவில் படித்தவர்களின் மொழி லத்தீன். அந்த லத்தீனிலிருந்து கிளைத்து, சந்தையிலும் வயலிலும் மக்கள் பேசிய பேச்சுக்குத்தான் ரொமான்ஸ் என்று பெயர். அந்தப் பேச்சு மொழியில் சொல்லப்பட்ட வீரக் கதைகளுக்கும் அதே பெயர் வந்தது. வீரக் கதையில் காதலும் உண்டல்லவா? நாளடைவில் காதல் என்ற பொருளே நிலைத்துவிட்டது.

ஆக, வேரைத் தோண்டினால் அங்கே கிடப்பது தாய்மொழி! தமிழில் இந்த இயக்கத்தைப் புனைவியல் என்றும், கற்பனாவாதம் என்றும் அறிஞர்கள் சொல்வார்கள். தெலுங்கில் இதையொட்டி எழுந்த கவிதைக்குப் பாவகவித்துவம் என்று பெயர். நான் சாதாரணமாக ரொமான்டிக் இயக்கம் என்றே எழுதுகிறேன்.

எந்தச் சரித்திரம் பெற்ற பிள்ளை?

இலக்கியம் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. இந்த இயக்கத்தைப் பெற்றெடுத்த சரித்திர நிகழ்ச்சிகளில் முக்கியமானவை நான்கு எனலாம்.

முதலாவது, 1789-ல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி. இளைஞர் வேர்ட்ஸ்வொர்த் அந்தப் புரட்சிக் காலத்தில் பிரான்சுக்கே போய் வாழ்ந்தவர். சாதாரண மனிதனுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்ற எண்ணம் அங்கிருந்துதான் கவிதைக்குள் நுழைந்தது. அவரும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798-ல் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டார்கள். 1800-ல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், மக்கள் பேசும் மொழியே கவிதைக்கு ஏற்ற மொழி என்று வேர்ட்ஸ்வொர்த் வாதாடினார். அரசனும் தேவதையும் இருந்த இடத்தில் ஆடு மேய்ப்பவனும் பிச்சைக்காரக் கிழவனும் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது, தொழிற்புரட்சி. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்துக்கு உரிமை பெற்றது 1769-ல். பிறகு ஆலைகள் பெருகின. கிராமத்து மக்கள் புகை மண்டிய நகரங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். விட்டு வந்த மலையும் ஆறும் அப்போதுதான் அருமையாகத் தெரிந்தன. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் ஊரின் ஏரிக்கரை கனவில் வரும்.

மூன்றாவது, நாட்டுப்பாடலைத் தேடிப்போன வேட்கை. ஜெர்மனியில் ஹெர்டர் என்ற அறிஞர், ஒரு மக்கள் கூட்டத்தின் உயிர் அதன் மொழியிலும் பாட்டிலும் குடியிருக்கிறது என்று சொன்னார். 1778-79-ல் பல நாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுதி 1812-ல் வந்தது. பாட்டி சொன்ன கதைக்கும் இலக்கியப் பந்தியில் இலை விழுந்தது.

நான்காவது நிகழ்ச்சியைச் சொன்னால் நம்மவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அது இந்தியா! கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், காளிதாசனின் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் 1789-ல் வெளியிட்டார். அதாவது, பாரிசில் பாஸ்டில் சிறை உடைந்த அதே ஆண்டு. 1791-ல் அது ஜெர்மனுக்குப் போயிற்று. அதைப் படித்த மகாகவி கேதே பரவசப்பட்டுப் பாட்டே எழுதினார். ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே வந்த சரக்கு என்று மட்டும் இதைச் சொல்லக் கூடாது. இங்கிருந்து போன விதையும் அந்தத் தோட்டத்தில் முளைத்திருக்கிறது. வியாபாரி பாஷையில் சொன்னால், கொடுக்கல் வாங்கல் இரண்டும் உண்டு.

ஷெல்லியின் தாசர்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் ஏற்பட்டது. 1861-ல் பால்கிரேவ் என்பவர் தொகுத்த ஆங்கிலப் பாடல் திரட்டு, கல்லூரி மாணவர் கைகளில் புழங்கியது. அதில் ஒரு பழைய பிரதியை மூர் மார்க்கெட்டில் இரண்டு ரூபாய்க்கு நான் வாங்கினேன். 1985-ல் அந்த மார்க்கெட் தீக்கிரையானதற்குச் சில வருஷம் முன்பு அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சரக்கு வாங்கப் போகும் ரயிலில் எல்லாம் படித்துத் தீர்த்தேன்.

அந்தக் கவிஞர்களில் இந்தியர் மனதை அதிகம் கவர்ந்தவர் ஷெல்லி. 1792-ல் பிறந்து, 1822-ல் முப்பது வயது நிரம்புமுன் கடலில் மூழ்கி இறந்தவர். அடிமைத்தனம் எந்த உருவில் வந்தாலும் எதிர்த்தவர். எட்டயபுரத்தில் நம் பாரதியார் ஷெல்லி பெயரால் ஒரு கழகம் நடத்தினார்; ஷெல்லிதாசன் என்று புனைபெயரும் வைத்துக்கொண்டார். இளமையில் தாகூரை வங்கத்து ஷெல்லி என்றார்கள். தெலுங்கில் தேவுலபல்லி கிருஷ்ணசாஸ்திரியை ஆந்திர ஷெல்லி என்றார்கள். ஒரே ஆங்கிலேயனுக்கு மூன்று பாஷையில் வாரிசு!

பாரதியார் வெறும் நிலாவையும் குயிலையும் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகை, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களைக் கொள்கையாகத் தாங்கி வந்தது. அவை பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கங்கள். பாரிஸ் தெருவில் எழுந்த கோஷம் நூறு வருஷம் கழித்துச் சென்னையில் தமிழாக அச்சேறிற்று. பாரதியிடமிருந்து பாரதிதாசன் வந்தார்; இயற்கையைப் பாடிய அவருடைய 'அழகின் சிரிப்பு' 1944-ல் வெளியாயிற்று. ஷெல்லிதாசனுக்கு ஒரு தாசன் என்று சொல்லலாமல்லவா!

கட்டமஞ்சிக்காரர்

இனி நம் ஊருக்கு வருவோம். சித்தூரில் இருப்பவர்களுக்குக் கட்டமஞ்சி தெரியும், ஏரியும் தெரியும். அங்கே 1880-ல் பிறந்தவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. பாரதியாருக்கு இரண்டு வயது மூத்தவர். அந்தக் காலத்தில் சித்தூர், வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம். தமிழும் தெலுங்கும் ஒரே கச்சேரியில், ஒரே சந்தையில் புழங்கிய ஜில்லா அது. சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1911-ல்தான்.

ராமலிங்க ரெட்டி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1899-ல், இருபது வயதுகூட நிரம்பாத மாணவராக, கல்லூரித் தெலுங்குச் சங்கத்தின் போட்டிக்கு ஒரு கவிதை எழுதிப் பரிசு பெற்றார். பெயர் 'முசலம்மா மரணமு'. தெலுங்கில் நவீன கவிதையின் தொடக்கங்களில் ஒன்றாக அதை மதிக்கிறார்கள்.

கதை அனந்தபுரம் பக்கத்தில் மக்கள் சொல்லிவந்தது. புக்கராயசமுத்திரம் ஏரி பெருமழையில் உடையும் நிலைக்கு வருகிறது. ஒரு குடியானவர் வீட்டுச் சின்ன மருமகள் முசலம்மா தன்னைக் கொடுத்தால்தான் கரை நிற்கும் என்று தெய்வ வாக்கு எழுகிறது. வீடே கதறுகிறது. அவள் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு, தானாக நடந்துபோய் வெள்ளத்தில் இறங்குகிறாள். ஊர் பிழைக்கிறது.

தெலுங்கு எழுத்துக்களை நான் கடைப் பற்றுவரவு நோட்டில்தான் கற்றேன். அந்தத் தெலுங்கை வைத்துக்கொண்டு, வாடிக்கையாக வரும் ஒரு தெலுங்கு வாத்தியார் துணையோடு இந்தக் காவியத்தைப் படித்தேன். சமணனாகிய எனக்குப் பலி என்ற சொல்லே நெஞ்சில் முள்ளாகக் குத்தும். வாத்தியாரிடம் சொன்னேன். அவர், "அய்யா, கதையை விடுங்க. கதாநாயகி யாருன்னு பாருங்க" என்றார். அப்போதுதான் உறைத்தது. ராணி இல்லை, அப்சரஸ் இல்லை. ஒரு ரெட்டி வீட்டு மருமகள், களை எடுத்த கை. அதுவரை பிரபந்தக் கவிகள் அரசகுமாரிகளைக் கேசாதிபாதம் வர்ணித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பையன் ஏரிக்கரைப் பெண் ஒருத்தியைக் காவியத் தலைவியாக்கி, அவள் மனசுக்குள் புகுந்து பார்க்கிறான். வேர்ட்ஸ்வொர்த் முன்னுரையில் கேட்டது இதைத்தானே?

பலி எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் ஏரி உடைந்த கதையும் கரையில் தெய்வமான பெண்ணின் கதையும் நம் வட ஆர்க்காட்டு ஏரிக்கரைகளிலும் கேட்டவைதாம். பாட்டி வாய்க் கதைக்குக் காவிய மரியாதை கொடுத்த துணிவை நான் வணங்குகிறேன்.

பிறகு அவர் கேம்பிரிட்ஜ் போனார். திரும்பி வந்து பரோடாக் கல்லூரியில் அரவிந்தர் இருந்த பதவிக்கு வந்தார். 1914-ல் 'கவித்துவ தத்துவ விசாரமு' என்ற நூலில், பிங்கலி சூரனாவின் பழைய காவியம் ஒன்றை மேனாட்டு விமரிசன முறையில் ஆராய்ந்தார். 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் இவரே. இவருக்குப் பின் 1931-ல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். 1948-ல் அரவிந்தருக்கு அந்தப் பல்கலைக்கழகம் ஒரு தேசியப் பரிசு வழங்கிற்று. பரிசுக்குப் பெயரே ராமலிங்க ரெட்டியின் பெயர். புதுச்சேரியில் பாரதியாரோடு பழகிய அதே அரவிந்தர்! எட்டயபுரத்துக்கும் கட்டமஞ்சிக்கும் நடுவில் இப்படி ஒரு பாலம்.

மதனப்பள்ளியில் ஒரு பாட்டு

1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் மதனப்பள்ளி. அங்கே அன்னி பெசன்ட் பெயரில் உள்ள தியசாபிகல் கல்லூரியில் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞர் முதல்வராக இருந்தார். பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், 1915-ல் இந்தியா வந்தவர். அயர்லாந்து மக்கள் தங்கள் பழங்கதைகளையும் பாட்டுக்களையும் மீட்டு, ஆங்கில ஆட்சிக்கு எதிராகத் தன்மானம் பெற்ற இலக்கிய மறுமலர்ச்சியில் அவருக்கும் பங்கு உண்டு. ஹெர்டர் போட்ட விதை அயர்லாந்தில் முளைத்து மதனப்பள்ளிக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசின்ஸ் எழுதிய ஒரு விமரிசன நூலைப் படித்த தூண்டுதலில்தான், வருங்காலக் கவிதை பற்றிய தம் நீண்ட கட்டுரைத் தொடரை அரவிந்தர் 1917-ல் எழுதத் தொடங்கினார்.

1919 பிப்ரவரியில் தாகூர் தென்னாட்டுப் பயணத்தில் மதனப்பள்ளி வந்து தங்கினார். 1911-ல் கல்கத்தா காங்கிரசில் முதலில் பாடப்பட்ட ஜன கண மன பாட்டை அங்கே பாடிக் காட்டினார். அங்கேயே அதை ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். கசின்சின் மனைவி மார்கரெட், அதன் மெட்டை மேனாட்டு இசைக் குறிப்பாக எழுதிவைத்தார். 1950 ஜனவரி 24-ல் அது தேசிய கீதமாயிற்று. வங்காளிக் கவிஞர், ஐரிஷ் தம்பதி, தெலுங்கு ஊர், பல மொழி பேசும் மாணவர்கள். நம் தேசிய கீதம் இந்த ரோஜாக் கதம்பத்தில் வைத்துப் பாடப்பட்டிருக்கிறது.

தாயான மொழி, கோடான மொழி

இவ்வளவும் பெருமைப்படும் சங்கதி. ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் ஐந்தொகையில் வரவை மட்டும் எழுதக் கூடாது. செலவையும் எழுத வேண்டும்.

மொழியில்தான் மக்களின் உயிர் இருக்கிறது என்று ஹெர்டர் சொன்னார் அல்லவா? அந்த எண்ணம் நம் நாட்டில் மொழியைத் தாயாகப் பார்க்கும் பாட்டுக்களோடு கலந்தது. 1891-ல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகம், லிட்டன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையைத் தழுவியது. அதன் வாழ்த்துப் பாட்டில் தமிழ், தெய்வமாக நிற்கிறாள். அதை எழுதிய சுந்தரம் பிள்ளை யார்? ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். நம்மைப் போல வெளியூர்த் தமிழர்! அந்த வாழ்த்து 2021-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது.

இந்தப் பக்கம் பாருங்கள். திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் 1914-ல் பிறந்த சங்கரம்பாடி சுந்தராச்சாரி, தெலுங்குத் தாய்க்கு மல்லிகை மாலை சூட்டிப் பாட்டு எழுதினார். ஆந்திரத்தின் மாநில கீதம் அதுவே. திருவனந்தபுரத்துச் சுந்தரம், திருச்சானூர்ச் சுந்தரம். இரண்டு சுந்தரங்கள் இரண்டு தாய்களை நிறுத்திவிட்டார்கள்.

பாட்டில் தாயாக இருந்தவள், அரசியலில் எல்லைக்கோடாகவும் ஆனாள். பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர், திருப்பதி, திருத்தணி எந்தப் பக்கம் என்று கிளர்ச்சி நடந்தது. தமிழகத்துக்காக ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். கடைசியில் படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. நாம் இடம் பெயராமலே வெளிமாநிலத்தார் ஆனவர்களும் நம்மில் உண்டு. என் போலப் பிழைக்க வந்தவர்களும் உண்டு.

போராடிய பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. மக்கள் மொழியில் ஆட்சி நடக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் தாயை வணங்கியவர்கள், பக்கத்து வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள் என்பதைச் சில சமயம் மறந்தார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். நாட்டுப்பாட்டில் தொடங்கிய மொழிப்பற்று, பிற்காலத்தில் சில தேசங்களில் அண்டை நாட்டான் மேல் வெறுப்பாகப் புளித்துப்போயிற்று. பால் நல்ல பால்தான். பாத்திரம் சுத்தமாக இல்லையென்றால் திரிந்துவிடும். பாத்திரக் கடைக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

பேரனுக்குச் சொன்னது

1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் பொருளறியக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். சைவ மடத்தில் படித்தவர், வேறு சமயத்தார் வீட்டுத் திண்ணையில் மாணவராக இருந்தார். எங்கள் குடும்பங்களில் இதைப் பெருமையோடு சொல்வார்கள். புதைந்ததை மீட்கும் ஆசையும், அடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளும் பணிவும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. ரொமான்டிக் இயக்கத்தில் நாம் வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி அந்தச் சேர்க்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாரதியாரும் தமிழைத் தலைமேல் வைத்தார். தெலுங்கின் அழகையும் மனம் திறந்து பாடினார்.

பேரனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கடை அடைக்கும் நேரம். அவன் யோசித்துவிட்டு, "அப்போ நான் தெலுங்கு பாட்டுப் பாடினா தப்பில்லையே, தாத்தா?" என்றான். "தாராளமா பாடு. ஆனா மனோன்மணீயம் வாழ்த்தை உனக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியலையே, அதுதான்டா தப்பு. அந்தத் தப்பும் உன்னுது இல்லை, எங்களது" என்றேன்.

உண்மை அதுதான். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. கடைப் பலகையைத் தெலுங்கிலும், பாடத்தை ஆங்கிலத்திலும் வாசிக்கிற குழந்தைக்குத் தமிழ் காதோடு நின்றுவிடுகிறது. மக்கள் பேச்சுக்கு எழுத்து மரியாதை கேட்டு எழுந்தது ஓர் உலக இயக்கம். அதன் வரலாற்றைப் படிக்கும் நாம், நம் வீட்டுப் பேச்சுக்கு எழுத்தைக் கொடுக்காமல் விட்டால் அது நியாயமா?

அன்று இரவே பழைய பற்றுவரவு நோட்டு ஒன்றை எடுத்தேன். எந்த நோட்டில் நான் தெலுங்கு கற்றேனோ, அதே மாதிரி நோட்டு. முதல் பக்கத்தில் 'அ' எழுதிக் கொடுத்தேன். இப்போது 'ன' வரைக்கும் வந்திருக்கிறான். தினமும் கடை மூடும் முன் கால் மணி நேரம். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு எடுங்கள். அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.